கை படாத ஒரு சுற்று

பல் டாக்டர் தன் காரின் பின்கதவைத் திறந்து அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரன் அரங்கத்து வாசல் தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். ஓடிப்போய்த் தூக்கிக் கொடுக்க அவனுக்கென்ன தலையெழுத்தா? மொத்தம் பதினோரு அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டு, உள்ளே எந்தெந்தக் குட்டி வேகன் இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்தார் மனிதர். மருந்துச்சீட்டில் எழுதினால் ஒருத்தருக்கும் புரியாது, பொம்மை ரயிலுக்கு மட்டும் முத்து முத்தாக எழுத வருகிறது பார் என்று நினைத்துக்கொண்டான்.

"நூத்தியொண்ணு!" என்று டாக்டர் தூரத்திலிருந்தே கூவினார். "நூறோட நிறுத்தலாம்னுதான் பாத்தேன். அப்புறம் இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு தோணிச்சு."

"கொசுறா?" என்றான் லிஃப்ட்காரன்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஆளிடம் இருக்கிற பெரிய தொல்லையே அதுதான். எங்கே குத்தினாலும் குத்தியது தெரியாமல் சிரிப்பார்.

லிஃப்ட்காரன் என்பது கிளப்பில் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டி அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. வெளியே கோட்டும் டையுமாக அதட்டுகிற பெரிய மனிதர்கள் எல்லாம் அந்த நாலடிக்கு நாலடி டப்பாவுக்குள் என்ன பாடு படுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் அந்த டப்பாவுக்குள் நிறுத்திப் பார்ப்பான். டாக்டரை எத்தனையோ தடவை நிறுத்திப் பார்த்துவிட்டான்.

கிளப்பில் பதினெட்டுப் பேர். எல்லாரும் குட்டி ரயில் பைத்தியம். ஆளுக்கொரு பலகையை வீட்டில் வைத்து இழைப்பார்கள். ஒருத்தர் பலகையில் மலை, ஒருத்தர் பலகையில் பாலம், இன்னொருத்தர் பலகையில் ஸ்டேஷன். வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கத்தில் எல்லாப் பலகையையும் கொண்டுவந்து இடுப்பு உயரத்தில் நிறுத்தி, கிளாம்ப் போட்டுப் பூட்டினால் முப்பத்தாறு மீட்டருக்கு ஒரு வட்டம் கிடைக்கும். முன்பக்கம் மலையும் மரமும் ஸ்டேஷனும். அதற்குப் பின்னால் வானம் வரைந்த நீளமான தட்டி. தட்டிக்குப் பின்னால் ஆள் நடக்க ஒரு சந்து, அதைத் தாண்டிச் சுவரை ஒட்டி வெறும் தண்டவாளம். பின்பக்கம் என்ன நடக்கிறது என்று கயிற்றுக்கு அந்தப்புறம் நிற்கும் ஜனங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ரயில் குகைக்குள் போகும், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு குகையிலிருந்து வரும். அவ்வளவுதான்.

பின்பக்க மூலையில் ஒரு வளைவு இருந்தது. இருக்கிற வளைவுகளிலேயே அதுதான் நெருக்கமானது. அந்தப் பலகை லிஃப்ட்காரன் செய்தது. "மத்தவங்க மரம் நடுவாங்க, பாசி ஒட்டுவாங்க. தண்டவாளம் போடத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்று அதைப் பற்றி அவன் பேசாத கூட்டம் கிடையாது.

கிளப்பில் ஒரே ஒரு போட்டி. யார் விடும் ரயில் நீளம்? அதற்கு ஒரே ஒரு சட்டம். புறப்பட்ட இடத்துக்கே ரயில் ஒரு முழுச் சுற்று வந்து சேர வேண்டும். இடையில் ஒரு கையும் படக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் கணக்கில் இல்லை. ஓர் ஆளுக்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். வென்ற எண்ணை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி, கண்காட்சி நாளில் அரங்கத்து வாசலில் மாட்டுவார்கள். ஆறு வருடமாக அந்தப் பலகையில் 84 என்று இருந்தது. அதன் கீழே லிஃப்ட்காரனின் பெயர்.

எண்பத்துநாலு வேகன். அதை அவன் சும்மா விடவில்லை. ஒவ்வொரு வேகனையும் தராசில் வைத்து, எடை குறைந்ததற்கு உள்ளே இரும்பு நட்டு ஒட்டி, சக்கரம் சக்கரமாக அளந்து, ஒன்றரை வருடம் உட்கார்ந்து செய்தான். வீட்டில் மகளின் கல்யாணப் படத்தை மாட்ட ஓர் ஆணி அடிக்க நேரமில்லை, அது வேறு கதை. அந்த எண்பத்துநாலுக்குப் பிறகு கிளப்பில் அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஸ்டேஷன் செய்த வங்கி அதிகாரியைப் பார்த்து, "உங்க பிளாட்பாரத்துல மனுஷன் ஏறணும்னா ஏணி வேணும்" என்று சொல்லலாம். செயலாளர் அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு மைக்கு போதும், ரயில் எதுக்கு?" என்று கேட்கலாம். வாசலில் 84 தொங்கும்வரை அவன் சொல்வதெல்லாம் கேலி இல்லை, கருத்து.

அந்த எண்ணை இறக்கத்தான் இன்றைக்கு இந்த ஆள் பதினோரு அட்டைப்பெட்டியோடு வந்திருக்கிறார். பல் பிடுங்குகிறவர். மூன்று வருடம் முன்னால், சக்கரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டு கிளப்பில் சேர்ந்தவர்.

பத்து மணிக்கெல்லாம் டாக்டர் தன் ரயிலை ஓரத்துத் தண்டவாளத்தில் அடுக்கி முடித்துவிட்டார். மூன்று இன்ஜின். அவற்றுக்குப் பின்னால் முப்பத்தைந்து புத்தம்புது வேகன்கள், சிவப்பும் நீலமுமாக, காலியாக. அவற்றுக்குப் பின்னால் பழைய வேகன்கள் அறுபத்தாறு, ஒவ்வொன்றிலும் நிலக்கரி நிரம்பி. நிலக்கரி என்றால் பல் அச்சு எடுக்கிற மாவு. கருப்புச் சாயம் போட்டுக் குழைத்து, காய்ந்ததும் உடைத்துக் கொட்டியிருந்தார். கல் மாதிரி கனம்.

"நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்" என்றார் டாக்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றார். "உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

லிஃப்ட்காரன் குனிந்து பார்த்தான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

நீளமான ரயிலை வளைவில் கொண்டுபோவது சின்ன விஷயம் இல்லை. முன்னால் இன்ஜின் இழுக்கும், பின்னால் பாரம் விடமாட்டேன் என்று பிடிக்கும். நடுவில் அகப்பட்ட வேகன் வளைவில் போகாமல் குறுக்கு வழியில் போகப் பார்க்கும், உள்பக்கமாகச் சாயும். கனமான வேகன் தாக்குப் பிடிக்கும். காலி வேகன் கவிழும். கவிழும்போது கொக்கியில் மாட்டிய பத்தைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் கனமானதை முன்னாலும் லேசானதைப் பின்னாலும் போடுவார்கள். டாக்டர் நேர்மாறாக அடுக்கியிருந்தார். ஏன் என்று கேட்கவே வேண்டாம். புதுசு முன்னால் போனால் பார்க்க அழகாக இருக்குமாம்.

"புதுசெல்லாம் முன்னாடி" என்றான்.

"ஆமா. ஜனங்க முதல்ல பாக்கறது அதைத்தானே?"

பின்பக்க வளைவில், கிட்டத்தட்ட எட்டாவது ஒன்பதாவது வேகனில் ஆரம்பிக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். அங்கே உள்பக்கம் சந்து. கீழே சிமெண்டுத் தரை. முப்பத்தைந்தும் போய்விடும். அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"நீங்க சொன்னா சரி" என்று டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெதுவெதுப்பான, சோப்பு மணக்கிற கை. அந்தக் கையை உதறிக்கொண்டு தேநீர் வைத்திருந்த மேசைக்குப் போனான்.

அரங்கம் பதினொரு மணிக்குத் திறந்தது. ஜனம் வந்தது. ஜனத்தைப் பற்றி லிஃப்ட்காரனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பத்துப் பேரில் ஆறு பேர் "புகை வராதா?" என்பார்கள். மூன்று பேர் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி மரத்தைப் பிடுங்கிப் பார்த்து, "அட, நிஜ மரம் இல்ல" என்று கண்டுபிடிப்பார்கள். மீதி ஒருத்தர், தன் சித்தப்பா ரயில்வேயில் இருந்தார் என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவின் மூட்டுவலிவரை போவார். இன்றைக்கு அவன் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். செயலாளர் அம்மாவே, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள்.

மூன்று மணிக்கு டாக்டரின் முறை. செயலாளர் அம்மா மைக்கைப் பிடித்து, நூற்றியொரு வேகன், கிளப்பின் சரித்திரம், கை படாத ஒரு சுற்று என்று அரைமணி நேரமாக முழங்கிக்கொண்டிருந்தாள். கயிற்றை ஒட்டி நாலு வரிசைக் கூட்டம். லிஃப்ட்காரனின் மனைவியும் பிளாஸ்க்கோடு வந்து முன்வரிசையில் நின்றாள். அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து தட்டிக்குப் பின்னால் நுழைந்தான். கண்கொள்ளாக் காட்சியை முதல் வரிசையில் நின்று பார்க்க வேண்டாமா?

பின்பக்க வளைவில் ஒரு ஸ்டூல் போட்டு அவனுடைய மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. முப்பத்தெட்டு வயது, ரொட்டி வேன் ஓட்டுகிறான். எதிலும் சேர்த்தி இல்லாத ஆள் என்பது லிஃப்ட்காரனின் முடிவு. எட்டு வருடமாகக் கண்காட்சிக்குக் கூட வருவான். முன்னால் நிறுத்தினால் மானம் போகும் என்று இவன்தான் அவனைப் பின்னால் உட்கார வைத்தான். ரயில் நின்றுபோனால் கத்த வேண்டும், அதுதான் வேலை. அதற்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு தண்டவாளத்தில் தூள் சிந்துவான்.

"டேய், ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்கோ" என்றான் லிஃப்ட்காரன் தணிந்த குரலில். "டாக்டர் ரயில் வரும்போது இங்க என்ன ஆனாலும் நீ கை வைக்கக் கூடாது. சாயுதா, சாயட்டும். விழுதா, விழட்டும். புரிஞ்சுதா?"

மச்சினன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "அப்போ உங்களுக்கு மட்டும் வெச்சாப் போதுமா மாமா?"

"எனக்கு என்னடா வெச்சே?"

"கைதான். அந்த எண்பத்துநாலு விட்டீங்களே, அன்னிக்கு. இதோ, இந்த ஜாயின்ட்டுல ஒரு வேகன் சக்கரம் மேல ஏறிடுச்சு. இப்படி ஒரு தட்டு தட்டினேன், உக்காந்துடுச்சு. அப்புறம் இன்னொண்ணு. மொத்தம் மூணு." ஆள்காட்டி விரலால் காற்றில் மெதுவாகத் தட்டிக் காட்டினான். கொசு உட்கார்ந்ததைத் தட்டிவிடுகிற மாதிரி.

"விளையாடாத" என்றான் லிஃப்ட்காரன்.

"சத்தியமா. கொஞ்சம் தடவிப் பாருங்க, இந்தப் பக்கத்துத் தண்டவாளம் ஒரு நூல் தூக்கிட்டிருக்கு. எப்பவுமே அப்படித்தான்."

தடவிப் பார்த்தான். இருந்தது. அவன் கையால் போட்ட தண்டவாளம். நகத்தில் இடறியது.

"ஆறு வருஷமா ஏன்டா சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்! தெரிஞ்சுதானே வருஷா வருஷம் என்னை இங்க உக்கார வெக்கிறீங்க?" மச்சினனின் முகத்தில் ஒரு பொட்டுக் கள்ளம் இல்லை. "அக்காதான் அன்னிக்குக் காலைல சொல்லி அனுப்பிச்சா. 'அந்த மனுஷன் தோத்துட்டு வீட்டுக்கு வந்தா ஒரு மாசத்துக்கு யாரும் வாயத் தொறக்க முடியாது. ஏதாவது சாஞ்சா தட்டி விட்டுடுடா'ன்னா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"பின்னே?"

அவமானம் காது மடல்வரை ஏறிச் சுட்டது. ஆறு வருடம். வங்கி அதிகாரியின் பிளாட்பாரம், செயலாளர் அம்மாவின் மைக்கு, இந்த டாக்டரின் சக்கரம், எத்தனை பேரை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறான்! அத்தனையும் இந்த பிஸ்கட் விரலின் தயவு. வீட்டில் அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எண்பத்துநாலு கதையைப் பத்தாவது தடவை சொல்லும்போதெல்லாம் அவள் ஏன் எதிர்க்கேள்வி கேட்காமல் தலையாட்டினாள் என்று இப்போது புரிந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவளின் தலையாட்டல் அது. மச்சினனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. எதற்கென்று அறைவது?

தட்டிக்கு அந்தப்புறம் கைதட்டல் கேட்டது. ரயில் புறப்பட்டுவிட்டது.

புறப்பட்டு முன்பக்கம் முழுக்கக் கடந்து குகைக்குள் நுழைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அவன் மூளை மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. அந்த மூளை சும்மா இருக்கிற மூளை இல்லை. இந்த ரயில் இங்கே கவிழ்ந்தால் என்ன ஆகும்? 84 அப்படியே தொங்கும். இன்னும் ஒரு வருடம், ஒருவேளை இன்னும் பத்து வருடம், அந்தப் பொய்யின் கீழே தன் பெயர் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மச்சினனின் விரல் ஞாபகம் வரும். கவிழாமல் போனால்? 101 வரும். 84ஐத் துணியால் துடைத்து எறிந்துவிடுவார்கள். தான் செய்தது தானாக அழிந்துபோகும், ஒருத்தரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. அதோடு அந்த 101 ஒரு கள்ள எண் என்பது தனக்கு மட்டும் தெரியும். டாக்டர் சாகும்வரை அந்தப் பலகையின் கீழே நின்று பல்லைக் காட்டட்டும். பார்க்கிறபோதெல்லாம் உள்ளுக்குள் காறித் துப்பலாம். நினைக்க நினைக்க அவனுக்கு மனம் தெளிந்துவிட்டது. இதைவிட நல்ல ஏற்பாடு யோசித்தாலும் கிடைக்காது.

"நீ எழுந்திரு. அந்தக் கோடிக்குப் போய் நில்லு" என்று மச்சினனை விரட்டினான்.

மூன்று இன்ஜின்களும் தலையைக் காட்டின. பின்னால் சிவப்பும் நீலமும். முதல் நாலைந்து சமாளித்தன. ஆறாவது ஒரு சாய்வு சாய்ந்தது. வெளிப்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு ஒரு நெல்லளவு எழும்பின. லிஃப்ட்காரன் குனிந்து, வளைவின் உள்பக்கமாக உள்ளங்கையைச் சுவர் மாதிரி நிறுத்தினான். வேகன் அவன் கையில் தோளைச் சாய்த்து, உரசிக்கொண்டு போய், அந்தப்புறம் நிமிர்ந்துகொண்டது. அடுத்ததும் சாய்ந்தது. அதற்கடுத்ததும். கையை எடுக்க வழியில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டே இருந்தன. முப்பதாவது போகும்போது இடுப்பு வலித்தது. முப்பத்தைந்தாவது தாண்டியதும் கனமான வேகன்கள் வந்தன. அவை எதையும் கேட்காமல் கடகடவென்று தம்பாட்டுக்குப் போயின. கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

சந்தின் வாயில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் ரயிலை ஓட்டும் ரிமோட்.

ஓட்டுகிறவர்கள் முன்பக்கம் கயிற்றோரமாகத்தான் நிற்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் பின்னால் வந்ததில்லை. இந்த ஆள் தன் ரயில் கூடவே நடந்து வந்திருக்கிறார், பால்வாடியில் விட்ட பிள்ளையின் பின்னால் போகிற தகப்பன் மாதிரி. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறார் என்று பட்டது.

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு, தன் ரயில் போன திசையில் நடந்துவிட்டார்.

லிஃப்ட்காரன் பின்தொடர்ந்தான். பயமாக இருந்தது, ஆனால் பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவருக்கு நஷ்டமா? லாபம்தானே? எந்த மடையன் தன் வெற்றியைத் தானே போய்க் கெடுத்துக்கொள்வான்? பேசாமல் வாங்கிக்கொள்வார். அவரும் நானும் ஒரே குட்டையில் ஊறின மட்டை என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

அவன் முன்பக்கம் வருவதற்குள் நூற்றியொரு வேகனும் ஸ்டேஷனுக்கு வந்து நின்றுவிட்டன. அரங்கம் அதிர்ந்தது. புகை வராதா என்று கேட்டவர்கள்கூடக் கைதட்டினார்கள். செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெள்ளைப் பலகையைத் தூக்கிவந்து, துணியை எடுத்து 84இன் மேல் வைத்தாள். துடைக்கட்டும், துடைக்கட்டும் என்று லிஃப்ட்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் டாக்டர். மைக்கை வாங்கினார்.

"இது கணக்குல வராதுங்க. கை பட்டுடுச்சு." கூட்டம் அடங்கியது. "பின்னாடி வளைவுல என் வேகன் எல்லாம் சாய ஆரம்பிச்சிடுச்சு. தப்பு என்னோடது, அடுக்கத் தெரியாம அடுக்கிட்டேன். ஒருத்தர் மட்டும் குனிஞ்சு, ஒண்ணொண்ணா கையில தாங்கி அனுப்பினார். இல்லைன்னா இந்நேரம் மொத்தமும் தரையில கிடக்கும். அவர் யாருன்னு நினைக்கிறீங்க? அந்த எண்பத்துநாலுக்குச் சொந்தக்காரர்தான்! என் ரயில் போச்சுன்னா அவருக்குத்தானே நல்லது? அவருக்கு அப்படித் தோணலை பாருங்க."

முதலில் இருந்த கைதட்டலை விட இது பெரிதாக இருந்தது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். வங்கி அதிகாரி, பிளாட்பாரத்து வங்கி அதிகாரி, கட்டிப்பிடித்துக்கொண்டார். செயலாளர் அம்மா துணியை எடுத்துவிட்டு, மங்கியிருந்த 84ஐப் பேனாவால் மேலே மேலே அழுத்தி எழுதினாள். அவனைப் பிடித்து இழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மைக்கைக் கையில் திணித்தாள். "ரெண்டு வார்த்தை!"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசையில் மனைவி கைதட்டவில்லை. பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். தட்டியின் ஓரத்தில் மச்சினனின் தலை எட்டிப் பார்த்தது. சொல்லிவிடலாம். 'எனக்கும் கை பட்டது', மூன்று வார்த்தைதான், அதில் இரண்டை டாக்டர் ஏற்கெனவே சொல்லிக் காட்டிவிட்டார். தொடை நடுங்கி என்று அவன் எத்தனை பேரைச் சொல்லியிருப்பான்!

"நன்றி" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்தான்.

ஐந்து மணிக்கு ஜனம் கலைந்தது. பலகைகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேகன்களைக் கழற்றி ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றினார். "லிஃப்ட் சார், கொஞ்சம் உதவி பண்ணுங்களேன்" என்றார். இவன் போய் எதிரில் குந்தினான். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இவன் எடுத்துக் கொடுத்தான், அவர் வாங்கிச் சுற்றினார். ஒவ்வொன்றுக்கும் "தேங்க்ஸ்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பத்தொன்பது தேங்க்ஸ் வாங்கினான்.

இருபதாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தான். "டாக்டர், நீங்க தப்பா அடுக்கியிருக்கீங்கன்னு எனக்குக் காலைலயே தெரியும்."

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தின் மடிப்பை நீவினார். "தெரியும்" என்றார். "நீங்க கண்ணாடியைத் துடைச்சீங்களே, அப்பவே எனக்கு ஏதோ பட்டது. தினமும் பத்துப் பேர் வலிக்கலைன்னு என்கிட்டயே பொய் சொல்றாங்க, முகம் தெரியாதா? ஆனா கடைசில உங்க மனசு கேக்கலை பாருங்க. அது போதும் எனக்கு."

கையை நீட்டினார். லிஃப்ட்காரன் வேகனைக் கொடுத்தான்.

"தேங்க்ஸ்" என்றார் டாக்டர்.

எண்பத்துநாலைப் பற்றியும் சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. வாசலில் செயலாளர் அம்மா அந்தப் பலகையை ஒரு போர்வையில் பத்திரமாகச் சுற்றி, "யாரும் இதை அழிச்சிடாதீங்க" என்று வேன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேன்காரர் அவன் மச்சினன்தான். சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு வாங்கினான். லிஃப்ட்காரன் குனிந்து இருபத்தொன்றாவது வேகனை எடுத்து நீட்டினான்.